காகித ரோஜாவும் தாத்தா பைண்டிங்கும்

நண்பன் வீட்டு கிரகப்பிரவேசம். ஹால் சுவத்துல காகித ரோஜா வளையம். அழகாத்தான் இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு இதழ்ல 'தொடரும்'னு இருக்கு! அவங்க தாத்தா வாராவாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்ச தொடர்கதை மக்களே.

"எப்படியும் எடைக்குத்தானடா போயிருக்கும்"ங்கறான். அட ராசா, எடைக்குப் போட்டிருந்தாக்கூட பிழைச்சிருக்கும்டா. பழைய புத்தகக் கடைக்காரர் தனியா எடுத்து வெச்சிருப்பார். கோட்டையூர் ரோஜா முத்தையா (பேரைப் பாருங்க!) பெயர்ப்பலகை எழுதின ஓவியர். அவர் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாம சேர்த்தார். 1992ல அவர் மறைஞ்சதும் 1994ல அது சென்னையில ஆராய்ச்சி நூலகமாச்சு. இவன் வீட்டுல அது தோரணமாச்சு.

வாரப் பத்திரிகையில வந்த எத்தனையோ கதைகள் புத்தகமாவே வரலை. வந்ததுலயும் பெரும்பாலும் அந்த ஓவியங்கள் கிடையாது. அந்த பைண்டிங்ல மட்டும்தான் ரெண்டும் சேர்ந்து இருக்கும்.

பழுப்பு நிறம்தான் வேணும்னா ஜெராக்ஸ் எடுத்து டீ டிகாஷன்ல முக்கிக் காய வைங்க. இல்லையா, எட்டு செமஸ்டர் கைடும் என் வீட்டுப் பரண்லதான் கிடக்கு. ஒரு பக்கம்கூட கசங்கலை, தாராளமா வெட்டிக்கோங்க.

மிச்ச பைண்டிங்கையாவது குடுடான்னு கேட்டேன். லாம்ப் ஷேடுக்கு வேணுமாம்.