கண்ணைக் கசக்கும் பிள்ளையா?

பிள்ளைக்கு அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறதா? எந்நேரமும் கண்ணைக் கசக்குகிறானா? சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. தூசி பட்டால் கண் அரிக்கும்; கசக்குவான். சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போயிற்று. "தெரு விளக்குக்கு வால் முளைச்ச மாதிரி தெரியுது சித்தி" என்பான். டாக்டர் சொன்ன பெயர் கெரடோகோனஸ். கைக்கடிகாரத்தின் கண்ணாடி போலக் கண்ணின் முன்னே இருக்கும் கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டர் கனம்தான். அது இன்னும் மெலிந்து, கூம்பாகப் பிதுங்கிவிடுகிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால், ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சி, மேலும் பிதுங்காமல் தடுக்கலாம். கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் பார்வை தெளியும். இவனுக்கோ வலது கண்ணில் தழும்பே விழுந்துவிட்டது. லென்ஸும் நிற்கவில்லை. மாற்றுக் கருவிழிதான் வழி என்றார்கள்.

"இன்னொருத்தர் கண்ணையா வைப்பாங்க?" என்று அக்கா அழுதாள். முழுக் கண்ணை அல்ல. இறந்தவர் தானம் செய்த கண்ணிலிருந்து முன்படலத்தை மட்டுமே. 1905-லேயே எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர் இதில் வெற்றி கண்டார். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னையில்தான் தொடங்கியது. கருவிழியில் ரத்தக்குழாய் இல்லாததால், வழக்கமாக ரத்த குரூப் பொருத்தம் பார்ப்பதில்லை.

ஆபரேஷனைவிட, பிறகு வீட்டில் கவனிப்பதுதான் பெரிய வேலை:

* சொட்டு மருந்து நேரங்களைக் காலண்டரில் எழுதி, போட்டவுடன் டிக் அடியுங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.
* தூங்கும்போது கண்ணுக்கு மூடி அவசியம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற டாக்டரைக் கேளுங்கள். பந்து விளையாட்டு கூடாது.
* தையல் முடியைவிட மெல்லியது. எல்லாம் பிரிக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். பார்வை மெதுவாகத்தான் தெளியும்; பிறகும் கண்ணாடி தேவைப்படலாம்.
* கண் சிவந்தாலோ, கூசினாலோ, வலித்தாலோ, மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். புதுப் படலத்தை உடம்பு ஏற்க மறுக்கும் அடையாளம் அது. வருஷங்கள் கழித்தும் வரலாம்.

இன்று அவன் அந்தக் கண்ணால் பேப்பர் படிக்கிறான். யாரோ ஒரு வீட்டில், அழுகைக்கு நடுவிலும் ஒருவர் கண் வங்கிக்குப் போன் செய்ததால் வந்த பார்வை அது. நம் வீட்டில் அப்படி நேர்ந்தால், ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர்களும், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் கண் தரலாம்.