ஆப்பிள் மரத்தடியில் நிறுத்தாதீர்கள்

லண்டனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு கேம்பிரிட்ஜ் ஒரு நாள் பயணம். கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதன்பிறகு நடப்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். கிங்ஸ் காலேஜ் முன்னால் ஒரு போட்டோ. டிரினிட்டி வாசல் ஆப்பிள் மரத்தடியில் பிள்ளையை நிறுத்தி இன்னொன்று. கேம் ஆற்றில் படகு. ஈகிள் பப்பில் சாப்பாடு, கூடவே 'இங்கதான் டிஎன்ஏவைக் கண்டுபிடிச்சாங்க' என்று ஒரு தகவல். சாயங்காலம் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஹூடி. திரும்பும் ரயிலில் அறிவுரை: 'நல்லாப் படிச்சா நீயும் இங்க வரலாம்.'

இங்கே வேலை பார்க்கும் மென்பொருள்காரன் என்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு அடிக்கடி என் தலையில் விழும். 'ஒரு நாள்தான் இருக்கு தம்பி, முக்கியமானதெல்லாம் கவர் ஆகிற மாதிரி பிளான் போடுங்க' என்பார்கள். நான் அந்த பிளானுக்கு எதிரி. அதன் அவசரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது சொல்லும் பொய்களைப் பொறுக்க முடியவில்லை.

படகிலிருந்தே தொடங்கலாம். குவீன்ஸ் காலேஜ் மரப்பாலம் வந்ததும் ஒரு கதை காதில் விழும்: நியூட்டன் ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டினாராம், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தார்களாம். நியூட்டன் இறந்தது 1727இல். பாலம் கட்டப்பட்டது 1749இல். வடிவமைத்தவர் வில்லியம் எத்தரிட்ஜ், கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ். இப்போது நிற்பது 1905இல் திரும்பக் கட்டியது. அதன் போல்ட்டுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். உண்மையைத் தேடுவதற்கென்றே இருக்கும் ஊரில், தலையை நிமிர்த்திப் பார்த்தாலே உடைந்துபோகும் பொய்யைக் காசு கொடுத்துக் கேட்கிறோம்.

ஆப்பிள் மரம் இன்னும் மோசம். அது லிங்கன்ஷயரில் நியூட்டனின் சொந்த ஊரான உல்ஸ்தார்ப்பில் இருக்கும் மரத்தின் வழியில் ஒட்டுக்கட்டி வளர்த்தது. கொள்ளைநோயால் 1665இல் பல்கலைக்கழகத்தை மூடினார்கள், நியூட்டன் வீட்டுக்குப் போனார். ஈர்ப்பு விசை பற்றிய யோசனை அந்த நாட்களில் தொடங்கியது. அதாவது காலேஜ் மூடியிருந்தபோது. அந்த மரம் நம்மிடம் ஏதாவது சொல்கிறது என்றால், 'பிள்ளையைக் கொஞ்ச நாள் சும்மா விடு' என்றுதான் சொல்லும். நாமோ கோச்சிங் சென்டருக்கும் ட்யூஷனுக்கும் நடுவே ஓடும் பிள்ளையைப் பிடித்து அதன் அடியில் நிறுத்தி, இன்னும் வேகமாக ஓடு என்கிறோம்.

ஈகிள் பப்பில் 1953 பிப்ரவரி 28 அன்று ஃபிரான்சிஸ் கிரிக் தங்கள் கண்டுபிடிப்பை அறிவித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முக்கிய ஆதாரமான எக்ஸ்ரே படம் லண்டனில், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வில் எடுத்தது. அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. ஃபிராங்க்ளின் இதே ஊரில் நியூன்ஹம் காலேஜில் படித்தவர். 1941இல் படிப்பை முடித்தபோது அவருக்கு முழுப் பட்டம் கிடையாது, பெண் என்பதால். பெண்களுக்கு முழுப் பட்டம் என்பது 1948இல்தான் வந்தது. அதற்கு முன் 1897இல் அந்தக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்த நாளில், செனட் ஹவுஸுக்கு எதிரே சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவபொம்மையைத் தொங்கவிட்டார்கள். கோரிக்கை தோற்றது. கிங்ஸ் காலேஜிலிருந்து அந்த இடம் நாலு எட்டுதான். மகளைக் கூட்டிவரும் எத்தனை அப்பாக்கள் அங்கே நின்று இதைச் சொல்கிறார்கள்?

அப்புறம் ராமானுஜன். 'அவர் ரூம் எங்கே?' என்று கேட்காத தமிழர் இல்லை. அவர் தங்கியிருந்த ஹ்யூவெல்ஸ் கோர்ட் டிரினிட்டி வாசலுக்கு எதிர்ப்பக்கம்தான். 1914இல் வந்தார். போர்க்காலம், தானே சமைத்துக்கொண்ட சைவச் சாப்பாடு, குளிர், தனிமை. 1917இல் நோயில் விழுந்தார். 1918 அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ ஆனார். ஆனபோது அவர் இருந்தது சிகிச்சையில். 1920இல், 32 வயதில், போய்விட்டார். நாம் பிள்ளைகளிடம் 1918ஐ மட்டும் சொல்கிறோம். வெளிநாட்டுக்கு அனுப்பப்போகும் பிள்ளைக்கு 1917தானே முதலில் தெரிய வேண்டும்?

'இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்காங்க, ஒரு போட்டோ எடுத்தா உனக்கு என்னப்பா?' என்று கேட்பீர்கள். தாராளமாக எடுக்கட்டும். போட்டோவோடு எனக்குச் சண்டையில்லை. அறிவு என்பது ஒரு வாசல், அதற்குள் நுழைந்தாலே ஜெயித்த மாதிரி என்று பிள்ளை கற்றுக்கொண்டு போகிறதே, அதோடுதான் சண்டை. நுழைவுத் தேர்வுகளை வைத்தே பிள்ளைகளை அளக்கும் சமூகத்துக்கு இந்தப் பாடம் இன்னொரு முறை தேவையில்லை.

என் பிளான் சின்னது. காலையில் ஃப்ரீ ஸ்கூல் லேன். பெயருக்கேற்ற குறுகலான சந்து. பழைய கேவன்டிஷ் ஆய்வகம் அங்கேதான், 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது அங்கே. பக்கத்திலேயே விப்பிள் அறிவியல் வரலாற்று மியூசியம், டிக்கெட் இல்லை. தேய்ந்த பித்தளைக் கருவிகளைப் பிள்ளை ஆற அமரப் பார்க்கட்டும். அதே வளாகத்தில்தான் 1949 மே 6 அன்று எட்சாக் கணினி முதல் நிரலை ஓட்டியது. சப்ரூட்டீன்களை நூலகமாகச் சேர்த்து வைக்கும் வழக்கம் அந்த மெஷினைச் சுற்றி வளர்ந்தது; இன்றைக்கும் என் சோறு அதில்தான். 1991இல் இன்னொரு மாடியிலிருந்து காபி பாத்திரம் காலியா என்று பார்ப்பதற்காக அங்கேயே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். உலகின் முதல் வெப்கேம் அப்படி வந்தது. சோம்பேறித்தனத்திலிருந்தும் கண்டுபிடிப்பு வரும் என்று பிள்ளையிடம் அவசியம் சொல்லுங்கள்.

மத்தியானம் மில் ரோடு. நம்ம ஊர் மசாலா கடைகள், 2019இல் திறந்த மரத்தூண் மசூதி, பல்கலைக்கழகத்தோடு ஒட்டாமல் வாழும் ஜனங்கள். சாயங்காலம் கிங்ஸ் சேப்பல், ஆனால் டிக்கெட் எடுத்தல்ல. பருவ நாட்களில் மாலைப் பிரார்த்தனைக்கு யாரும் இலவசமாக உள்ளே போகலாம். சேர்ந்திசையைக் கேட்டபடி பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூரை தானாகப் புரியும்.

ஆப்பிள் மரத்தை விடவே முடியாது என்று அடம்பிடித்தால் ஐந்து நிமிடம் தருவேன். அதில் நாலு நிமிடம் கொள்ளைநோயைப் பற்றித்தான் பேசுவேன்.