நகரத்தை எதைக்கொண்டு அளப்பது?

நுழையும்முன்

பெற்றோரின் பணி காரணமாகத் தமிழகத்திற்கு வெளியே வளரும் உங்களிடம், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உறவினர், "நீங்கள் இருக்கும் நகரம் எப்படி?" என்று கேட்பதுண்டு. விடை கூறுமுன் அவர்களே ஒரு கருத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு. அத்தகைய கருத்துகள் எந்த அளவுக்குச் சரியானவை? கொல்கத்தாவைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு நகரத்தைக் காணாமலே அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோர் பலர். அவ்வாறு மிகுதியும் குறைத்துப் பேசப்படும் இந்தியப் பெருநகரம் கொல்கத்தா. 'நெரிசல் மிக்க நகரம்', 'காலம் கடந்த நகரம்' என்னும் அடைமொழிகள் அதற்கு நிலைத்துவிட்டன. மும்பையின் வானுயர் கட்டடங்களையும் பெங்களூருவின் கணினி நிறுவனங்களையும் புகழ்வோர் நாவில் கொல்கத்தாவின் பெயர் எழுவது அரிது. இம்மதிப்பீடு நேரியதன்று என்பதே என் கருத்து.

முதலில் இவ்வடைமொழிகள் பிறந்த காரணத்தை அறிவோம். பிரித்தானிய இந்தியாவின் தலைநகராக விளங்கிய கொல்கத்தா, 1911-இல் அந்நிலையைத் தில்லிக்கு விட்டுக்கொடுத்தது. 1947-இல் நாடு பிரிவினையுற்றபோது, சணல் ஆலைகள் ஹூக்ளி ஆற்றங்கரையிலும் சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலும் ஆயின. கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஏதிலியராய் வந்து சேர்ந்தனர். தொழில் தளர்ந்த வேளையில் அத்துணை மக்களுக்கும் இடம் கொடுத்த நகரம் நெரிசலுற்றதில் வியப்பில்லை. நெரிசலைக் கண்டவர்கள், அதன் பின்னிருந்த அரவணைப்பைக் காணவில்லை.

இனி, வான்வரையைப் பார்ப்போம். மைதான் என்னும் பரந்த பசும்புல்வெளியின் அருகே, சௌரங்கிச் சாலையில், அறுபதுக்கும் மேற்பட்ட மாடிகளுடன் 'தி 42' என்னும் கட்டடம் நிற்கிறது. கிழக்கே நியூ டவுன் பகுதியில் அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. எனினும் கட்டட உயரத்தில் மும்பையோடு கொல்கத்தா போட்டியிட இயலாது. போட்டியிட வேண்டிய தேவையும் இல்லை. இந்நகரின் பெருமை பெரிதும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது.

நிலத்தின் கீழே பாருங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கியது கொல்கத்தாவில்தான். தில்லி மெட்ரோ ஓடத் தொடங்கியது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2002-இல். வண்டல் படிந்த இளகிய மண்ணில் சுரங்கம் அமைப்பது எளிய பணியன்று. 2024 மார்ச்சில் மற்றொரு முதன்மையும் சேர்ந்தது. நாட்டிலேயே முதன்முறையாக, ஓர் ஆற்றின் அடியில் மெட்ரோ இரயில் செல்லலாயிற்று. ஹூக்ளி ஆற்றின் கீழுள்ள ஏறத்தாழ 520 மீட்டர் தொலைவை அது ஒரு நிமிடத்திற்குள் கடக்கிறது. அதே ஆற்றின் மேலே, 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலம் ஆற்றின் நடுவில் தூணின்றி, திருகாணிகள் இன்றி, தறையாணிகளால் பிணைக்கப்பட்ட எஃகினால் இன்றும் நிற்கிறது.

நகரின் கிழக்கு விளிம்பில் உள்ளது இவையனைத்தினும் வியப்புக்குரியது. கொல்கத்தாவின் நிலம் ஆற்றை நோக்கிச் சாயாமல் கிழக்கு நோக்கிச் சாய்ந்துள்ளது. அதனால் கழிவுநீரில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே அங்குள்ள ஈரநிலங்களுக்குச் செல்கிறது. ஆழமற்ற குளங்களில் தேங்கும் அந்நீரை வெயிலும் நுண்ணுயிர்களும் பாசிகளும் தூய்மையாக்குகின்றன. அவற்றில் மீன்கள் வளர்கின்றன; வெளியேறும் நீர் வயல்களுக்குப் பாய்கிறது. மற்ற நகரங்கள் பெரும்பொருள் செலவிட்டு இயந்திரங்களால் செய்யும் பணியை இங்கு மீனவரும் உழவரும் செய்து, அதனால் தாமும் பிழைக்கின்றனர், நகருக்கும் உணவளிக்கின்றனர். இதன் அருமையை உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2002-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அறிவுத்துறையிலும் இந்நகருக்குத் தமிழர் கடன்பட்டுள்ளனர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1907-இல் அரசின் நிதித்துறை அலுவலராகக் கொல்கத்தா வந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது அங்கேதான். உடன் ஆய்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. உங்கள் பெற்றோரைப் போலவே பணியின்பொருட்டு வந்த ஒருவருக்கு, அந்நகரம் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து வைத்தது.

கொல்கத்தாவிடம் குறைகளே இல்லையோ எனில், உண்டு. வேலை தேடி இளைஞர் பலர் வேறு நகரங்களுக்குச் செல்கின்றனர். மழைக்காலத்தில் தெருக்களில் நீர் தேங்குகிறது. 1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, பின்னர் மின்சாரத்தால் ஓடிய டிராம் வண்டிகளின் தடங்கள் மிகவும் சுருங்கிவிட்டன. 2019-இல் மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது அதே பௌபஜார் பகுதியில் வீடுகள் இடிந்து குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. வளர்ச்சிக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை.

நம் முன்னோர் நகரங்களை எவ்வாறு அளந்தனர்? மதுரைக்காஞ்சி மதுரையின் மாடங்களைப் பாடியதோடு நின்றுவிடவில்லை. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் அங்கு வாழ்ந்த பலவகை மக்களையும் பாடியது. பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தையும் அங்கு வந்திறங்கிய பொருள்களையும் பாடியது. மாடத்தின் உயரத்தோடு மக்களின் வாழ்வையும் சேர்த்து அளந்த அளவுகோல் அது. அதனை நாம் கைவிடலாகாது.

இன்று கொல்கத்தாவின் அடுக்குமாடிகள் கிழக்கு நோக்கி வளர்கின்றன. ஈரநிலமும் கிழக்கில்தான் உள்ளது. சட்டத்தின் காவல் இருந்தும், குளங்கள் ஆங்காங்கே மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. 'எங்கள் நகரில் உயர்ந்த கட்டடம் இல்லையே' என்னும் தாழ்வு மனப்பான்மை மக்களிடம் வளர்ந்தால், குளம் நிரப்பப்படுவதும் முன்னேற்றமாகவே தோன்றும். புறத்தாரின் அடைமொழிகள் வெறும் சொற்கள் அல்ல. ஒரு நகரம் எதைக் காக்க வேண்டும், எதை இழக்கலாம் என்பதையும் அவை முடிவு செய்துவிடும்.

மாணவர்களே! நீங்கள் வாழும் நகரம் கொல்கத்தாவாக இல்லாமல் இருக்கலாம். எந்த நகரமாயினும், அங்கே குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது, வந்தாருக்கு அந்நகரம் எவ்வாறு இடமளிக்கிறது என்பவற்றை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் உறவினர் கேட்கும்போது, கேள்விப்பட்டதை விடுத்துக் கண்டதைக் கூறுங்கள்.

சொல்லும் பொருளும்

அடைமொழி – பெயருக்கு முன் சேர்க்கும் சிறப்புச்சொல்
ஏதிலியர் – புகலிடம் தேடி வந்தோர்
வான்வரை – கட்டடங்கள் வானில் தோற்றுவிக்கும் வடிவம்
தறையாணி – உலோகத் தகடுகளை இணைத்து அடிக்கும் ஆணி
அல்லங்காடி – இரவில் கூடும் கடைத்தெரு

சிந்தித்து விடை தருக

1. கொல்கத்தா நெரிசலுற்றதற்கு ஆசிரியர் கூறும் காரணங்கள் யாவை?
2. ஈரநிலத்தில் கழிவுநீர் தூய்மையாகும் முறையை உம் சொற்களில் எழுதுக.
3. ஆசிரியரின் கருத்தில் உமக்கு உடன்பாடில்லாதது எது? காரணம் தந்து எழுதுக.
4. நீ வாழும் நகரைப் பற்றிப் பிறர் கூறும் ஒரு கருத்தையும், நீ நேரில் கண்ட ஓர் உண்மையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.