மனைக்கு மட்டுமே கணக்கு



சென்னை மேற்கு மாம்பலத்திலும் அதையடுத்த தியாகராய நகரிலும் பழைய தனி வீடுகளும் 1980களில் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து இடிக்கப்பட்டு, அதே மனைகளில் வாகன நிறுத்தத் தளத்தின்மேல் நான்கைந்து மாடிகள் எழுப்பப்படுகின்றன. தனித்தனி மனையாகப் பார்த்தால் விதிக்கு உட்பட்டதாகத் தோன்றும் இம்மாற்றம், தெருவாகப் பார்க்கும்போது பெருங்கேடாக முடிகிறது.

இதன் வேர் தளப்பரப்புக் குறியீடு என்னும் கணக்கில் உள்ளது. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று வரையறுக்கும் இந்த அளவு, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளால், உயர்மாடி வகையில் சேராத கட்டடங்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி என்றிருந்தது 4,800 ஆயிற்று. சாலையின் அகலத்தைப் பொறுத்து, கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் பரப்பு பெறலாம். ஆனால் அந்தக் கூடுதல் வீடுகளின் கழிவுநீர், தெருவுக்கு அடியில் என்றோ பதித்த அதே குழாயில்தான் இறங்குகிறது.

ஒரு வீடு இடிபடும்போது கொல்லைப்புறத்துத் தென்னையும் துவைக்கிற கல்லும் முதலில் போகின்றன. தலைமுறைகளாக நீர் கொடுத்த உறைக்கிணறு, அவ்வீட்டுச் சுவரின் செங்கல் உடைசல்களாலேயே தூர்க்கப்படுகிறது. பிறகு மதில்வரை சிமென்ட் தளம் போடப்பட்டு, 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, பல இடங்களில் மூலையிலுள்ள ஒரு மூடியாகச் சுருங்கிவிடுகிறது. மண் குடித்துவந்த மழை முழுவதும் தெருவுக்கு வருகிறது.

அந்தத் தெருவும் மேட்டு நிலமன்று. லாங் டேங்க் என்று ஆங்கிலேயர் குறித்த நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு, அதன் படுகையில்தான் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை இன்னும் அந்த ஏரியின் நினைவைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இப்பகுதி வீடுகளுக்குள் புகுந்த நீர் தன் பழைய இடத்தைத்தான் தேடி வந்தது.

கம்பி துருப்பிடித்து, மின்தூக்கி இல்லாமல், முதியோர் படியேற முடியாத குடியிருப்புகளைப் புதுப்பிப்பது தேவைதான் என்பதை மறுப்பதற்கில்லை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்னும் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் அவ்வகையில் நியாயமானதே. எனினும் அதன் கணக்கு உரிமையாளரோடு நின்றுவிடுவதால், பல்லாண்டுகளாக அங்கு வாடகைக்கு வாழ்ந்தவர்களும், வாசலில் இஸ்திரி வண்டி நிறுத்திப் பிழைத்தவர்களும் சொல்ல இடமின்றி வெளியேறுகிறார்கள்.

சென்னைப் பெருநகருக்காக 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டது. அதனைத் தொடரவேண்டிய மூன்றாவது திட்டத்தில், ஒவ்வொரு தெருவின் கழிவுநீர்க் குழாயும் வடிகாலும் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் சேர்ந்து கணக்கிட்டு, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த அளவு நிரம்பிய தெருவில், குழாயும் வடிகாலும் விரிவாக்கப்படும்வரை கூடுதல் தளப்பரப்புக்கு ஒப்புதல் தரலாகாது. இருக்கும் கிணறுகளைத் தூர்க்காமல், மழைநீரை அவற்றுக்குள் இறக்குவதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகர்,
சென்னை