சந்தாவை நிறுத்தினால் உங்கள் படங்கள் என்ன ஆகும்? லைட்ரூம் முதல் அஃபினிட்டி வரை

போட்டோ எடிட்டிங் மென்பொருள் உலகில் 2025-இல் இரண்டு செய்திகள் வந்தன. லைட்ரூம், போட்டோஷாப் இரண்டையும் 20 ஜிபி கிளவுட் இடத்தோடு மாதம் 9.99 டாலருக்குத் தந்த திட்டத்தைப் புதியவர்களுக்கு விற்பதை ஜனவரி 15-ஆம் தேதி அடோபி நிறுத்தியது. அதுவரை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அஃபினிட்டியை, அக்டோபர் 30-ஆம் தேதி கேன்வா இலவசமாக்கியது.

ஒரு பக்கம் விலை ஏறுகிறது, இன்னொரு பக்கம் விலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிக்கோ காசிமேட்டுக்கோ போகிறவர் இதில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? எது மலிவு என்று கணக்குப் போடுவது சுலபம். பத்து வருடமாக எடுத்து, திருத்தி, அடுக்கி வைத்த படங்கள் இருபதாவது வருடத்தில் அதே மாதிரி திறக்குமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்குவது எப்போது வாடகையானது?

2012-இல் வந்த சிஎஸ்6 தான், ஒருமுறை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசி போட்டோஷாப். இனி கிரியேட்டிவ் கிளவுட் சந்தா மட்டும்தான் என்று 2013 மே மாதம் அடோபி அறிவித்தது. லைட்ரூமுக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது. 2015-இல் வந்த லைட்ரூம் 6-ஐ 149 டாலருக்குத் தனியாக வாங்க முடிந்தது. 2017 அக்டோபரில் அந்தக் கதவும் மூடியது.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு புதிய கேமராவுக்கும் ரா ஃபைல் அமைப்பு மாறுகிறது. அதைப் படிக்க மென்பொருளைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். லைட்ரூம் 6-க்கான கடைசி அப்டேட் 2017 டிசம்பரில் வந்தது. ஸ்ட்ரீட் போட்டோகிராபர்கள் போட்டி போட்டு வாங்கிய ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100-6 அறிமுகமானது 2024 பிப்ரவரியில். அந்த கேமராவின் ரா ஃபைலை லைட்ரூம் 6 நேரடியாகத் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

சந்தாவில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் விலை நம் கையில் இல்லை. அமெரிக்கக் கணக்கில், 20 ஜிபி திட்டத்தில் ஏற்கெனவே இருந்து மாதாமாதம் கட்டியவர்களுக்கு 9.99 டாலர் 14.99 ஆனது. ஆண்டு முழுமைக்கும் முன்பணம் கட்டினால் பழைய 119.88 டாலரே. மாதாமாதம் கட்டுகிறவருக்கு இப்போது ஆண்டுக்கு 179.88 டாலர். அதாவது லைட்ரூம் 6-இன் மொத்த விலையை விட, ஒரே ஆண்டின் வாடகை அதிகம்.

வெளியேறுவதிலும் சிக்கல் இருக்கலாம். 'ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை' என்ற வகையில், பாதியில் நிறுத்தினால் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாக 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. அடோபி அதை மறுத்தது. எந்த மென்பொருளானாலும் பணம் கட்டும் முன், இது மாத ஒப்பந்தமா, மாதத் தவணையில் கட்டும் ஆண்டு ஒப்பந்தமா என்று பார்த்துவிடுவது நல்லது.

சரி, சந்தாவை நிறுத்தினால் படம் போய்விடுமா?

போகாது. ஆனால் முழு பதில் அதுவல்ல.

லைட்ரூம் மாதிரி மென்பொருளில் நாம் செய்யும் எடிட் எதுவும் மூலப் படத்தைத் தொடுவதில்லை. 'வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு, இடது ஓரத்தை வெட்டு, நிழலைத் தூக்கு' என்ற குறிப்புகள் மட்டும் கேட்டலாக் என்ற ஒரு ஃபைலில் பதிவாகின்றன. திரையில் நாம் பார்ப்பது மூலப் படமும் அந்தக் குறிப்புகளும் சேர்ந்து உருவாகும் தோற்றம். சமையலோடு ஒப்பிட்டால், ரா ஃபைல் என்பது அரிசி, பருப்பு, காய்கறி. கேட்டலாக் என்பது செய்முறை. அந்தச் செய்முறையை முழுதாகப் படிக்கத் தெரிந்த சமையல்காரர் ஒருவர்தான். அவருக்குத்தான் மாதச் சம்பளம் கொடுக்கிறோம்.

லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் கேட்டலாக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், வெளியே எக்ஸ்போர்ட் செய்யலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். செய்து முடித்த வேலையை எடுத்துக்கொள்ளலாம், தொடர முடியாது. கம்ப்யூட்டரில் வைக்காமல் கிளவுடிலேயே எல்லாப் படங்களையும் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சந்தா இல்லாத கணக்குக்கு அந்த இடம் காலத்துக்கும் இருக்காது.

வேறு மென்பொருளுக்கு மாறினால்? ஸ்டார் ரேட்டிங், குறிச்சொல், தலைப்பு போன்றவை பொது வடிவத்தில் எழுதப்படுவதால் பெரும்பாலும் கூடவே வரும். எடிட் அப்படி வராது. ஒவ்வொரு மென்பொருளும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தன் வழியில் கணக்கிடுகிறது. இலவச மென்பொருளான டார்க்டேபிள், லைட்ரூமின் சில திருத்தங்களைத் தோராயமாகப் படிக்கும். அதே படம், அதே தோற்றம் என்று எதிர்பார்க்க முடியாது.

சொந்தமா வாங்கிட்டா பிரச்சினை இல்லையே?

அதுவும் அவ்வளவு எளிதல்ல. ஆப்பிளின் அபெர்ச்சர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். 2014 ஜூனில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக ஆப்பிள் சொன்னது. 2019-இல் வந்த கேடலினா என்ற மேக் பதிப்பில் அது ஓடவே இல்லை. வாங்கியவர்கள் பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றி வைக்க வேண்டும், அல்லது புதிய இடத்துக்குக் குடிபோக வேண்டும்.

லைட்ரூம் 6-ஐச் சொந்தமாக வாங்கியவர்களுக்கும் ஒரு இழப்பு வந்தது. அதன் மேப் பகுதி கூகுள் வரைபடச் சேவையை நம்பியிருந்தது. 2018 நவம்பர் இறுதியோடு அந்தப் பகுதி வேலை செய்வதை நிறுத்தியது. காசு கொடுத்தவர் தவறு எதுவும் செய்யவில்லை, மென்பொருளும் பழுதாகவில்லை. பின்னாலிருந்த ஒரு சேவை விலகிக்கொண்டது, அவ்வளவுதான்.

இலவசம் என்றால் நம்பலாமா?

அது யார் தரும் இலவசம் என்பதைப் பொறுத்தது. ஸ்னாப்சீட் ஆப்பை உருவாக்கிய நிக் சாஃப்ட்வேரை 2012-இல் கூகுள் வாங்கியது. அதன் புகழ்பெற்ற நிக் கலெக்‌ஷனை 2016 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக்கியது. மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே இனி அப்டேட் கிடையாது என்று தெரிந்தது. 2017 அக்டோபரில் டிஎக்ஸ்ஓ அதை வாங்கியது; இன்று அது மறுபடியும் விலைக்குத்தான் கிடைக்கிறது.

பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் உருவாக்கிய அஃபினிட்டி, 'சந்தா வேண்டாம், ஒருமுறை வாங்கினால் போதும்' என்ற பேச்சாலேயே வளர்ந்தது. 2024 மார்ச்சில் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது. இப்போதைய இலவசப் பதிப்புக்குக் கேன்வா கணக்கு வேண்டும். ஏஐ வசதிகள் வேண்டுமானால் கேன்வாவின் கட்டணத் திட்டத்தில் சேர வேண்டும். கருவி நல்ல கருவிதான். ஆனால் அதை இலவசமாக வைத்திருப்பது ஒரு நிறுவனத்தின் இன்றைய வியாபாரக் கணக்கு. கணக்கு மாறலாம்.

டார்க்டேபிள், ராதெரபி, டிஜிகேம், கிம்ப் போன்றவை வேறு ரகம். இவற்றின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ஒரு குழு விட்டுவிட்டால் இன்னொரு குழு எடுத்து நடத்தலாம். தொண்ணூறுகளில் பிறந்த கிம்ப் 2025 மார்ச்சில்தான் 3.0 பதிப்புக்கு வந்தது. வேகம் குறைவு, ஆயுள் அதிகம். கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். ஏஐ உதவியில் சந்தா மென்பொருள்கள் முன்னால் இருக்கின்றன. இதுதான் இதற்கான விலை.

ஸ்ட்ரீட் போட்டோவுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்?

கல்யாண ஆல்பம் கைக்குப் போனதும் வேலை முடிகிறது. தெருப் படம் அப்படியில்லை. இன்று சாதாரணமாகத் தெரியும் டீக்கடை, கையால் எழுதிய கடைப் பலகை, பஸ் நிறுத்தக் கூட்டம் இவற்றுக்கெல்லாம் மதிப்பு வருவது அவை காணாமல் போன பிறகுதான்.

விவியன் மேயர் கதை பலருக்குத் தெரியும். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். தெருத்தெருவாக அலைந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்; கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவில்லை. பொருள்களைப் போட்டு வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டாமல் போக, 2007-இல் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

கிடங்கு வாடகை நின்றபோது படங்கள் கைமாறின, ஆனால் அழியவில்லை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் யாராலும் பார்க்க முடிந்தது. கழுவாமல் கிடந்த ஃபிலிம் சுருள்களைக்கூடப் பின்னால் கழுவ முடிந்தது. நம் ஹார்ட் டிஸ்க் இருபது வருடம் கழித்து ஒருவர் கையில் கிடைத்தால், அவருக்கு அதில் எவ்வளவு தெரியும்?

அப்போ என்ன பண்ணலாம்?

சந்தாவை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. வேலைக்கு வசதியாக இருந்தால் கட்டுங்கள். எந்த மென்பொருளையும் நம்பாத ஒரு பிரதியையும் வைத்திருங்கள்.

முதலில், மூலப் படங்களைத் தேதியும் இடமும் தெரியும் பெயரில் சாதாரண ஃபோல்டர்களில் வையுங்கள். கேட்டலாக் போனாலும் ஃபோல்டர் பெயர் பேசும்.

அடுத்து, லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களை எக்ஸ்எம்பி ஃபைலாகவும் எழுதும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். ரேட்டிங், குறிச்சொல், எடிட் குறிப்பு எல்லாம் படத்துக்குப் பக்கத்திலேயே தனி ஃபைலாகப் பதிவாகும். கலெக்‌ஷன், விர்ச்சுவல் காப்பி இரண்டும் இதில் வராது. அவை கேட்டலாக்கில் மட்டும்தான்.

மூன்றாவது, முக்கியம். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் உங்களுக்குப் பிடித்த ஐம்பது, நூறு படங்களை மட்டும் எடிட்டோடு 16 பிட் டிஃப் ஆகவும், முழு அளவு ஜேபெக் ஆகவும் எக்ஸ்போர்ட் செய்து, இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள். இந்த இரண்டு வடிவங்களையும் எந்த மென்பொருளும் திறக்கும். எக்ஸ்போர்ட் செய்யும் முன் இடம், நாள், தெரு பெயரைக் கேப்ஷனில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். அது படத்துக்குள்ளேயே போய் உட்காரும்.

நான்காவது, அதில் பத்துப் படங்களையாவது பிரிண்ட் போடுங்கள். பார்க்க கரண்ட்கூட வேண்டாம்.

சந்தா தொடர்வதா, வேறு மென்பொருளுக்குப் போவதா என்பதை அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். எக்ஸ்போர்ட் செய்து வைத்தவருக்கு விலை உயர்வு என்பது ஒரு செலவு. செய்யாதவரின் பத்து வருட உழைப்பு அந்த ஒரு மென்பொருளையே நம்பியிருக்கிறது. எடிட்டைத் தொடர வேண்டுமானால் கேட்ட விலையைக் கட்டியே ஆக வேண்டும்.