கிறிஸ்துமஸ் படம் பொங்கலுக்கு வந்தா எப்படி பாஸ்?

டிசம்பர் வந்தாலே அமெரிக்காவில் ஹால்மார்க் மாதிரி சேனல்கள் கிறிஸ்துமஸ் காதல் படங்களா இறக்கித் தள்ளும். பனி, சின்ன ஊர், சிலதில் நடுவுல ஒரு நகைத் திருட்டு, கடைசியில் ஜோடி சேர்ந்துடும். ஜாலியான ஃபார்முலா. தமிழில் இதுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வர்ற படம், ஸ்ரீராம் ராகவனின் 'மெர்ரி கிறிஸ்துமஸ்'.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரெடெரிக் டார்டின் நாவலைத் தழுவியது. பழைய பம்பாயில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, முன்பின் தெரியாத விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் சந்திக்கிறாங்க. வீட்டுக்குப் போனா ஒரு பிணம். (மீதியைச் சொன்னா பாவம்.) இந்தி, தமிழ் ரெண்டுக்கும் தனித்தனியா எடுத்தாங்க; துணை நடிகர்கள்கூட வேற. தமிழில் ராதிகா உண்டு.

இவ்வளவு செஞ்சும் 2023 டிசம்பரில் வரவேண்டிய படம் 2024 ஜனவரி 12-க்குத் தள்ளிப்போச்சு. அன்னைக்குத்தான் 'கேப்டன் மில்லர்', 'அயலான்' ரெண்டும் ரிலீஸ். கரும்பு கட்டுற நேரத்தில் கேக்கை யார் தேடுவா? என்னைக் கேட்டா, படத்தைவிட தேதிதான் பெரிய தப்பு.

சரி, டிவிக்குன்னே ஒண்ணு எடுக்கலாமே? காரைக்குடிப் பக்கம் வீட்டுக்குள்ள வீடா நீளும் செட்டிநாட்டு பங்களாக்களைப் பண்ணையார் வீடாகவும் சண்டைக் காட்சிக்கும்தான் சினிமா பெரும்பாலும் பார்த்திருக்கு. பூட்டின அறைகள், கொத்துச் சாவி, எதிலும் சந்தேகப்படும் ஒரு ஆச்சி: திருட்டுக் காமெடிக்கு வேற செட் எதுக்கு? தேவாலயம் வேணும்னா இதே சிவகங்கை மாவட்டத்தில் இடைக்காட்டூர் இருக்கு, பிரெஞ்சு கோதிக் பாணியில். பனி மட்டும்தான் இல்லை. மார்கழிக் குளிர் போதும்.