டவுன்லோட் பண்ணிய பிள்ளையும் எங்கட வகுப்புப் பிள்ளையும்

நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கு.

கம்பஸ் விடுமுறையில், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் படிப்பிக்கிறோம். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் கலைப்பீடம். ஆசிரியர் பயிற்சி எடுத்தவர் ஒருத்தரும் இல்லை. முதல் வகுப்புக்கு முந்தின இரவு எல்லாரும் செய்யிறதைத்தான் நாங்களும் செய்தோம். கூகுளில் இலவச வேர்க்ஷீற் தேடி, வடிவான ஒன்றை டவுன்லோட் பண்ணி, இருபத்தைந்து போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டு போனோம்.

தலைப்பு 'மை ஃபமிலி'. மாடி வீடு, வாசலில் கார், புல்தரையில் நாய். கீழே கேள்விகள். அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பா? அப்பா எத்தனை மணிக்கு ஒஃபிஸ் முடிந்து வருவார்? ஒரு பெடியன் அம்மாவைப் பற்றிய நாலு கேள்விக்கும் ஒண்டும் எழுதாமல் தாளைத் தந்தான். நாங்கள் சிவப்புப் பேனையால் 'முடிக்கவில்லை' எண்டு எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.

அவனுடைய அம்மா குவைத்தில் வேலை செய்யிறா, அவன் அம்மம்மாவோட இருக்கிறான் எண்டது அடுத்த கிழமைதான் எங்களுக்குத் தெரியவந்தது. விசா, ஏஜென்சி, எயார்போட், கொன்ட்ராக்ட் எண்டு அவனுக்கு ஆங்கிலச் சொற்கள் கனக்கத் தெரியும். அந்தத் தாளில் அவற்றை எழுத இடம் இருக்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் வராது எண்டு முடிவுகட்டியது நாங்கள்தான்.

டவுன்லோட் பண்ணுகிற ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒரு பிள்ளை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கு. காலையில் சீரியல் சாப்பிடும். டிசம்பரில் பனியில் விளையாடும். எங்கட பிள்ளை அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், முதலில் தன்னைவிட்டு அந்தப் பிள்ளையாக மாற வேண்டும். பிறகுதான் ஆங்கிலம். இரட்டை வேலை. அதைச் செய்ய ஏலாத பிள்ளைக்கு நாங்கள் வைக்கிற பெயர் 'இங்கிலிஷில வீக்'.

இணையத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இணையம் இல்லாவிட்டால் எங்கட வகுப்பே இல்லை. ஆனால் எடுக்கிறது வேறு, செய்யிறது வேறு. நாங்கள் இவ்வளவு நாளும் எடுத்துக்கொண்டு மட்டும்தான் இருந்தோம்.

செய்யத் தொடங்கியது ஒரு தற்செயல். வளிமண்டலவியல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கடற்பிராந்தியங்களுக்கான வானிலை அறிக்கை நாளாந்தம் வரும். தமிழிலும் வரும், ஆங்கிலத்திலும் வரும். திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடல் எப்படி இருக்கும், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் எண்டு அதில் இருக்கும். எங்கட பிள்ளைகளின் வீடுகளில் கடலுக்குப் போறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிற விசயம் அது. ஆங்கில அறிக்கையை எடுத்து, ஐந்து சொற்களை அழித்துவிட்டு, தமிழ் அறிக்கையைப் பக்கத்தில் போட்டு, அரைத் தாளில் அடித்துக் கொடுத்தோம்.

அன்றைக்கு வகுப்பில் நாங்கள் கதைத்தது குறைவு. 'நோர்த் ஈஸ்டர்லி' எண்டால் என்ன எண்டு கேட்டதும் ஒருத்தி 'வாடை' எண்டாள். பின்வாங்கிலிருந்து இன்னொருத்தன், "இல்லையடி, அது வாடைக்கொண்டல்" எண்டான். சண்டை பிடித்தார்கள், கரும்பலகையில் திசைகள் கீறினார்கள். கச்சான் எது, சோழகம் எது எண்டு எங்களுக்கும் படிப்பித்தார்கள். 'றஃப்', 'மொடரேட்' எண்ட சொற்களை நாங்கள் விளக்கவே தேவைப்படவில்லை. அந்த அறிக்கைகளில் 'வில்', 'மே' எண்ட இரண்டு சொற்களும் திரும்பத் திரும்ப வரும். எதிர்காலத்தைச் சொல்லப் பழக அதைவிட நல்ல பாடம் எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கடைசியில், நாளைய கடல் எப்படி இருக்கும் எண்டு அவரவர் எழுத வேண்டும். அந்தப் பெடியன் இரண்டு வரி எழுதினான். 'டுமோரோ ஸீ வில் பி றஃப். அம்மம்மா சேஸ் டோன்ட் கோ.' ஒரு சின்னச் சொல் விடுபட்டிருந்தது. அதை அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தோம்.

இதைப்போல வேறு இடங்களும் இருக்கு. ஸ்டோரிவீவர் என்ற தளத்தை இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. ஒரே கதை பல வேளை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். வாசிப்புப் படிநிலையும் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம் அங்குள்ள உரிமம். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு, மாற்றியிருக்கிறோம் எண்டும் சொன்னால், கதையை நாங்கள் மாற்றலாம். 'பாட்டி' எண்டு இருந்ததை 'அம்மம்மா' எண்டு மாற்றினோம். வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' எண்டு தொடங்கிய நிகழ்ச்சி, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் மெதுவாக வாசிக்கப்பட்டது. அவர்களே தயாரித்தவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, செய்தி நிறுவனங்களிடம் வாங்கிப் போட்ட படங்களுக்கும் செய்திகளுக்கும் உண்டு. எங்கட பாடப்புத்தகங்களையே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பீடிஎஃப் ஆக எடுக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஃப்ரீ' எண்டு போட்டிருந்தால் எங்கட சொத்து எண்டு அர்த்தமில்லை. பார்க்க விடுகிற தளங்கள் எல்லாம் மாற்ற விடுவதில்லை. உரிமத்தைப் பார்க்க இரண்டு நிமிசம் காணும். கம்பஸில் மற்றவரின் கட்டுரையைக் களவெடுக்கக் கூடாது எண்டு படிக்கிற நாங்கள், வேர்க்ஷீற்றின் அடியில் இருக்கிற பெயரை வெட்டிவிட்டுக் கொப்பி அடிப்பது சரியில்லை.

"ஊர்க் கடலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் ஓ.எல். பேப்பரில் வேற ஏதும் வந்தால் என்ன செய்வாங்கள்?" எண்டு எங்களில் ஒருத்தியே கேட்டாள். நியாயமான கேள்விதான். பனியும் வரவேண்டும், லண்டனும் வரவேண்டும். எங்கட பிள்ளைகளை ஊருக்குள் பூட்டி வைக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் தெரிந்த விசயத்தில் புதுச் சொல்லைப் படித்த பிள்ளை, பிறகு அந்தச் சொல்லை வைத்துத் தெரியாத விசயத்துக்குள் போகும். சொல்லும் புதுசு, விசயமும் புதுசு எண்டால் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி எண்டு சொல்கிறது. சிங்கள மாணவர்கள் அதே ஆங்கிலத்தைக் 'கடுவ' எண்பார்கள், அதாவது வாள். எங்களுக்கும் அந்தப் பயம் தெரியும். முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரைக்குள் போய் வாய் திறக்காமல் இருந்தவர்கள்தான் நாங்கள். எங்களை வெட்டிய வாளை இன்னொரு பிள்ளையின் கையில் வெறும் தாளாக மடித்துக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களில் கனபேர் ஊரில் எங்கேயோ ஒரு கொட்டிலில் படிப்பிக்கிறீர்கள். அடுத்த முறை பிரிண்ட் கொடுக்க முதல், அந்தத் தாளை உங்கட வகுப்பில் ஒரு பிள்ளையாக இருந்து நிரப்பிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் பேனை நிற்கிறதோ அதை மாற்றுங்கள். மாற்றியதை மற்றவர்களும் திருத்தக்கூடிய மாதிரி, பெயர்களோடு பகிருங்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்து நிறுக்கிற தராசும், வயல்காரப் பிள்ளைக்கு உரப் பையும் எங்களுக்கு எழுதத் தெரியாது. கடல் தாள்கள் எங்களிடம் எட்டு இருக்கு. கேட்டால் தருவோம்.